பாண்டியம்மாளும் ஐப்பசி மூட்டமும்

பாண்டியம்மாள் இறந்த செய்தி எனக்குத் தேர்வு அறையில் வந்தது. இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒளியியல் தாள். அலுவலக உதவியாளர் வாசலில் நின்று கையசைத்தார். அருகில் போனதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நம்ம லேப் பாண்டியம்மா காலையில போயிட்டாங்க சார். நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லிருக்காங்க. ஆட்டோ வாரதுக்குள்ள முடிஞ்சுபோச்சாம். சாயங்காலம் எடுக்குறாங்க" என்றார். தேர்வு முடிய இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. உள்ளே போய் உட்கார்ந்தேன். கூடுதல் தாள் கேட்டவர்களுக்குக் கொடுத்தேன். மணி அடித்ததும் விடைத்தாள்களை எண்ணிக் கட்டி ஒப்படைத்துவிட்டுத்தான் அவருடைய ஊரான அகரத்துக்குப் புறப்பட்டேன். அவர் இருந்திருந்தால் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வருவதற்குத் திட்டியிருப்பார் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அந்த முக்கால் மணி நேரம் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

அவரோடு வேலை பார்த்தவர்களும் அவரிடம் திட்டு வாங்கிய பழைய மாணவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் புகழுரை எழுதி உங்களை ஏமாற்ற முடியாது. எங்கள் இயற்பியல் துறையில் அவர் ஆய்வக உதவியாளர். பத்தாம் வகுப்பு படித்தவர். ஆய்வகச் சாவிக்கொத்து அவர் இடுப்பை விட்டு இறங்கி நான் பார்த்ததில்லை. துறைத்தலைவருக்கே சாவி வேண்டுமென்றால் எதற்கு என்று கேட்டுவிட்டுத்தான் தருவார். லென்ஸைச் சட்டையில் துடைத்த மாணவனைப் பார்த்து, "ஏலே, அது என்ன ஒங்க வீட்டு டார்ச்சு லைட்டா?" என்று கேட்ட குரல் கீழ்த்தளம் வரை கேட்கும். உடைந்த சாமான் கணக்கில் அலுவலகத்தோடு ஓயாத சண்டை. பெரும்பாலும் தப்பு அவர் பக்கம் இருக்காது, ஆனால் தப்பு அவர் பக்கம் இருந்த நாட்களிலும் சண்டையின் சூடு குறைந்ததில்லை.

என் ஆய்வு வேலைக்குள் அவர் வந்தது தற்செயலாக. திண்டுக்கல் சமவெளியின் மேல் பருவத்துக்குப் பருவம் மாறும் மூட்டத்தை அளப்பது என்று நான் ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டிருந்தேன். கருவி டிபன் பாக்ஸ் அளவுதான். முகப்பில் சட்டைப் பொத்தான் அகலத்துக்கு ஒரு கண்ணாடி. மொட்டைமாடியில் நின்று அதைச் சூரியனுக்கு நேராகப் பிடித்தால் நீலம், பச்சை, சிவப்பு என்று ஒவ்வொரு நிறத்திலும் எவ்வளவு வெளிச்சம் கீழே வந்து சேர்கிறது என்று காட்டும். வழியில் தூசியும் புகையும் தின்றது போக மீதம்தான் வந்து சேரும். ஆகவே தின்றது எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடலாம். ஆய்வேட்டில் அந்த அளவுக்கு நீளமான பெயர் உண்டு. எங்கள் ஆய்வகத்தில் அதற்கு மூட்ட எண் என்று பெயர். ஆடிக் காற்றில் பறக்கும் மண் மாதிரியான பெரிய துகள்கள் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி தடுக்கும். புகை நீலத்தை அதிகமாகத் தடுக்கும். அதை வைத்து மூட்டம் மண்ணா புகையா என்றும் சொல்லிவிடலாம். காலை பத்து மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் தினமும் யாராவது மாடியேற வேண்டும். எனக்கு வகுப்புகள் இருந்தன. "குடுங்க சார், வெயிலைப் பாத்துப் பெட்டியைப் பிடிக்கணும், அம்புட்டுத்தான?" என்று அவர் வாங்கிக்கொண்டார். பதினோரு வருடம் பிடித்தார்.

அம்புட்டுத்தான் இல்லை என்பது அவருக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. சூரியனுக்குப் பக்கத்தில் மெல்லிய மேகம் இருந்தாலும் அளவு கெட்டுவிடும். மேகம் விலகும்வரை முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்பார். நான் அவசரப்படுத்தினால், "செத்த நேரம் நில்லுங்க சார், அது பாட்டுக்குப் போயிரும்" என்பார். மேகம் போகாவிட்டால் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு இறங்கிவிடுவார். ஒருமுறை துறையைப் பார்வையிட வெளியூர்க் குழு வருவதாக இருந்தது. பதிவேட்டில் இத்தனை கோடுகள் இருந்தால் அழகாக இருக்காது, முந்தின நாள் எண்ணுக்கும் அடுத்த நாள் எண்ணுக்கும் நடுவில் ஏதாவது போட்டு நிரப்பினால் என்ன என்று அப்போதைய துறைத்தலைவர் கேட்டார். நான் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பாண்டியம்மாள், "பாக்காத நாளுக்கு எப்படி சார் எழுதுறது? அன்னிக்கு வானம் எப்படி இருந்துச்சுன்னு எனக்கே தெரியாதே" என்றார். கோடுகள் அப்படியே இருந்தன. குழுவினர் பதிவேட்டைத் திறக்கவே இல்லை.

அந்தப் பதிவேட்டில் 'குறிப்பு' என்று கடைசியாக ஒரு பத்தி உண்டு. மேகம், மழை ஏதாவது இருந்தால் எழுதுவதற்காக நான் விட்ட இடம். அவர் அதில் தினமும் மலையை எழுதினார். எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் சிறுமலையும் திண்டுக்கல் கோட்டையும் தெரியும். 'சிறுமலை தெளிவு', 'சிறுமலை மங்கல்', மார்கழிக் காலைகளில் 'மலை இல்லை'. போகியன்று 'மலை இல்லை, கோட்டையும் இல்லை' என்று எழுதியிருக்கிறார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த கருவி நிறம் நிறமாகப் பிரித்து எண் கொடுக்கும்போது மலை தெரிகிறதா இல்லையா என்பதை வைத்து நான் என்ன செய்ய? கணினியில் ஏற்றும்போது அந்தப் பத்தியை விட்டுவிட்டேன்.

வருடத்துக்கு ஒரு முறை, ஜனவரியில், கருவியைக் கொடைக்கானலுக்குக் கொண்டுபோக வேண்டும். மலை உச்சியில் காற்று சுத்தமாக இருக்கும் ஒரு காலையில், சூரியன் கிளம்பியதிலிருந்து உச்சிக்கு வரும்வரை விடாமல் அளந்தால், நடுவில் காற்றே இல்லாவிட்டால் சூரியன் எவ்வளவு ஒளிரும் என்பதைக் கணக்கிட்டுவிடலாம். மற்ற எல்லா அளவுக்கும் அதுதான் அடிப்படை. புறப்படும் முன் கண்ணாடியை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைப்போம். மற்ற நாட்களில் ஸ்பிரிட் தொடக் கூடாது, கண்ணாடிப் பூச்சு போய்விடும், மெல்லிய தூரிகையால் தூசு தட்டினால் போதும் என்பது நான் போட்ட சட்டம். வத்தலக்குண்டு வழியாக பஸ்ஸில் ஏறி, கணவரின் ஸ்வெட்டரைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு அவரும் வருவார். குளிரில் பல் அடிக்க, "காத்தே இல்லாட்டி சூரியன் எப்படி இருக்கும்னு பாக்குறதுக்கு இம்புட்டு காத்துல நிக்க விட்டுட்டீங்களே சார்" என்பார். கையில் கருவி மட்டும் ஆடாது.

ஆறு வருட அளவுகள் சேர்ந்ததும் எனக்கு ஒரு கண்டுபிடிப்பு கிடைத்தது. சித்திரை, ஆடி, ஆவணி எல்லாம் எதிர்பார்த்தபடி இருந்தன. ஆனால் புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ மூட்ட எண் திடீரென்று ஏறியது. தை வரை இறங்கவில்லை. மழை பெய்து காற்றைக் கழுவும் மாதங்களில் இப்படி ஏறுவது யாரும் சொல்லாதது. நீலம்தான் அதிகம் தடைபட்டிருந்தது, ஆகவே புகை. ஐப்பசியில் இந்தச் சமவெளியில் புகைக்கு வேறென்ன காரணம் இருக்க முடியும், விவசாயிகள் தட்டையையும் சருகையும் கொளுத்துகிறார்கள் என்று முடிவு கட்டினேன். ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் முழுக்க அதுதான். அடுத்த மாதம் ஒப்படைக்க வேண்டும். அந்தப் பட்டம் வந்தால்தான் எனக்குப் பதவி உயர்வு. என்னைவிட இளையவர்கள் இரண்டு பேர் ஏற்கெனவே எனக்கு மேலே போயிருந்தார்கள். அகரத்தில் நடந்த ஒரு விவசாயிகள் கூட்டத்துக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கேயும் இதைப் படம் போட்டுக் காட்டிவிட்டு வந்தேன். கேட்டவர்கள் மரியாதைக்காகப் பேசாமல் இருந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் பாண்டியம்மாள் சாவியை மேசைமேல் டங்கென்று வைத்தார். "ஊருக்குள்ள தலை காட்ட முடியல சார். ஐப்பசியில யாரு என்னத்தைக் கொளுத்துறா? அப்பத்தான் நடவு நடக்குது. வயக்காடு பூராம் தண்ணி நிக்கிது. நனைஞ்ச வரப்புல தீப்பெட்டி பத்துமா?" என்றார். அவர் வீட்டிலும் கொஞ்சம் நிலம், மல்லிகையும் நெல்லும். நான் எண் பொய் சொல்லாது என்றேன்.  அன்று மாலை அந்த ஆறு வருடப் பதிவேடுகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். கேட்டதற்கு, "சும்மா பாக்கத்தான்" என்றார்.

மூன்று நாள் கழித்து அவற்றோடு பழைய பஞ்சாங்கங்களும் வந்தன. அப்போது ஐப்பசி நடந்துகொண்டிருந்தது. என் அறையில் நின்றபடியே சொன்னார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "ரெண்டு விசயம் சார். ஒண்ணு, நம்பர் ஏறின நாள்ல எல்லாம் நான் சிறுமலை தெளிவுன்னு எழுதிருக்கேன். மூட்டம் அம்புட்டு இருந்தா மலை எப்படித் தெரியும்? ரெண்டாவது, ஒவ்வொரு வருசமும் ஆயுத பூஜை லீவு முடிஞ்சு காலேஜ் தொறக்குற அன்னிக்குத்தான் நம்பர் ஏறுது. ஒரு வருசம் பூஜை முன்னாடியே வந்துச்சு, நம்பரும் முன்னாடியே ஏறிருச்சு. மூட்டத்துக்குப் பஞ்சாங்கம் பாக்கத் தெரியுமா சார்?"

எங்கள் ஆய்வகத்து ஆயுத பூஜையைப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. விடுமுறைக்கு முந்தின நாள் எல்லாக் கருவிகளையும் மேசைமேல் வரிசையாக வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, பொரி கடலையோடு படைப்பார். கண்ணாடியில் பொட்டு வைக்கக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன், அவர் ஒருபோதும் வைத்ததில்லை. பெட்டியின் நெற்றியில்தான் வைப்பார். ஆனால் கல்லூரி திறந்ததும் ஈரத்துணியால் பொட்டுகளை வரிசையாகத் துடைத்துக்கொண்டே வருவார். குங்குமத் தூள் கண்ணாடியிலும் பறந்து ஒட்டியிருக்கும். தூரிகைக்கு அது போகாது, ஸ்பிரிட் தொடக் கூடாது என்பது என் சட்டம். ஆகவே அதே துணியின் நுனியால் கண்ணாடியையும் ஒரு தடவை துடைத்துவிடுவார். கடையில் விற்கும் சந்தனப் பொடியில் மஞ்சளும் கலந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத மஞ்சள் படலம் ஒன்று கண்ணாடியில் காயும். மஞ்சள் எதைத் தடுக்கும்? நீலத்தை. தையில் கொடைக்கானலுக்குப் புறப்படும் முன் ஸ்பிரிட்டால் துடைத்ததும் என் ஐப்பசி மூட்டம் விலகிவிடும். அதை நான் பருவம் என்று எழுதியிருந்தேன்.

இதெல்லாம் எனக்கு அந்த நிமிடமே புரிந்தது. புரிந்ததால்தான் கோபம் வந்தது. "நம்பர் எடுக்குறது ஒன் வேலை. அதுக்கு அர்த்தம் சொல்றது என் வேலை. ஒன் வேலையைப் பாரு" என்றேன். அதுவரை அவரிடம் நான் ஒருமையில் பேசியதே இல்லை. அவர் முகம் மாறவில்லை. "வேலையைத்தான் சார் பாக்குறேன். மாடிக்கு வாங்க" என்றார்.

மேகம் இல்லாத பகல். சிறுமலையில் மரம் மரமாக எண்ணலாம் போலிருந்தது. அவர் கருவியைப் பிடித்து அளவெடுத்தார். பிறகு மடித்து வைத்திருந்த பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து, என்னைப் பார்த்து, நான் ஒன்றும் சொல்லாததால், கண்ணாடியைத் துடைத்தார். திரும்ப அளவெடுத்தார். நடுவில் இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. பதிவேட்டில் 'தொடைக்கும் முன்', 'தொடைச்ச பின்' என்று இரண்டு வரி எழுதி எண்களை நிரப்பினார். நீலத்தில் மூட்ட எண் மளமளவென்று இறங்கியிருந்தது. சிவப்பில் மாற்றம் கொஞ்சம்தான். பஞ்சை என்னிடம் நீட்டினார். லேசாக மஞ்சள். "தப்பு என்னுதுதான் சார். நானே தொடைச்சேன், நானே நல்லாத் தொடைச்சுட்டேன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார். பிறகு கீழே இறங்கி மூன்றாம் ஆண்டு வகுப்புக்கு ஸ்பெக்ட்ரோமீட்டர்களை எடுத்து வைக்கப் போய்விட்டார். அவர் பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது என்பதை நான் மாடியிலேயே நின்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் அவரிடம் நான் வேலைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வழக்கம்போல் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் மாடியேறினார். நான்காம் அத்தியாயம் குப்பைக்குப் போனது. ஆய்வேடு இரண்டு வருடம் தள்ளிப்போனது. பதவி உயர்வும் தள்ளிப்போனது. என் வீட்டில் நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அவர்மேல் தப்பில்லை, சட்டம் போட்டவன் நான், மலையை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டவனும் நான் என்று ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு மாதம் தேவைப்பட்டது. ஒப்புக்கொண்டபோதும் அவரிடம் சொல்லவில்லை. "பாண்டியம்மா, காபி சாப்பிடுவோமா?" என்று கேட்டேன். "சீனி கம்மியா சொல்லுங்க சார்" என்றார். எங்கள் சமாதானம் அப்படித்தான் நடந்தது.

ஆனால் ஒன்று தீரவில்லை. புதிய ஆய்வேடு தயாரானதும் அந்த ஆறு ஐப்பசிகளின் அளவுகளை ஏன் நீக்கினேன் என்று எழுதியதை அவருக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். கண்ணாடியில் படிந்த மாசு காரணமாக என்று எழுதியிருந்தேன்.

"மாசுன்னா? யாரு வச்ச மாசு?" என்று கேட்டார்.

"அதெல்லாம் எழுத மாட்டாங்க பாண்டியம்மா."

"ஏன் சார்? பூஜை நம்ம லேப்புல மட்டுமா நடக்குது? எங்கெங்க சந்தனம் வைக்கிறாங்களோ அங்கெல்லாம் என்னை மாதிரி ஒருத்தி ஈரத்துணியோட நிப்பா. நடந்தது நடந்தபடி எழுதுங்க. என் பேரைப் போட்டே எழுதுங்க. தொடைச்சதும் நான்தான்னு போடுங்க, பிடிச்சதும் நான்தான்னு போடுங்க."

அவருக்கு அவமானமாகிவிடும் என்று சொல்லித் தட்டிக்கழித்தேன். அவமானம் யாருக்கு என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஆறு வருடம் பூஜைச் சந்தனத்தை அளந்து அதைப் புகை என்றும், பழி விவசாயி மேல் என்றும் எழுதியவன் என்று ஒரு கருத்தரங்கில் யாராவது சிரித்துவிடுவார்களோ என்ற பயம்தான். மாசு என்றே விட்டுவிட்டேன். அந்தச் சொல்லோடுதான் அச்சாகிவிட்டது என்று அவரிடம் சொன்னேன். "சரி சார்" என்றார். அதற்குப் பிறகு வேலையில் இருந்த மூன்று வருடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. போன வருடத்துக்கு முந்தின வருடம் ஓய்வு பெற்றார். பிரிவு விழாவில் நான்தான் பேசினேன். நேரம் தவறாதவர், கடமையே கண்ணானவர் என்று எல்லாருக்கும் சொல்வதையே சொன்னேன்.

அகரத்தில் நான் போய்ச் சேர்ந்தபோது எடுக்கும் நேரம் நெருங்கியிருந்தது. மாலையைப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றேன். அவருடைய மகள் கவிதா என்னை அடையாளம் கண்டு வந்தாள். திருமணமாகி வெளியூரில் இருப்பவள், அழுது அழுது குரல் போயிருந்தது. "அம்மா ஒங்களைப் பத்திப் பேசாத நாள் இல்ல சார்" என்றாள். நான் தலையாட்டினேன். "ஊர்ல எல்லார்ட்டயும் சொல்லும். நான் பண்ணின தப்பை நானே பிடிச்சேன், நம்ம ஊர்க்காரங்க மேல பழி இல்லேன்னு ஆச்சு, சார் அதை என் பேரைப் போட்டுப் புஸ்தகத்துல எழுதிருக்காருன்னு. அந்தப் புஸ்தகம் ஒண்ணு கெடைக்குமா சார்? பிள்ளைகளுக்குக் காட்டணும்."

தருகிறேன் என்றேன். வேறென்ன சொல்வது? வீடு திரும்பியதும் ஆய்வேட்டை எடுத்துப் பார்த்தேன். நன்றி சொல்லும் பக்கத்தில் 'ஆய்வக ஊழியர்களுக்கு' என்று இருக்கிறது. பெயர் இல்லை. நூற்றுக்கணக்கான பக்கங்களில் எங்குமே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருடத்தில் இந்த விஷயத்தில் நான் ஒளிக்காமல் எழுதும் முதல் வரி இதுதான் என்று நினைக்கிறேன்.

இப்போதும் எங்கள் மாடியில் மூட்டத்தை அளக்கிறோம். எனக்குப் பிடித்த மாதிரி ஒரு எண் வந்து நின்றால் எனக்கு மகிழ்ச்சி வருவதில்லை. ஒரு சந்தேகம் எழுகிறது. மாணவர்கள் கைதட்டத் தயாராக இருக்கும்போது நான் எழுந்துபோய்க் கண்ணாடியைப் பார்க்கிறேன், யார் கடைசியாகத் தொட்டது என்று கேட்கிறேன், ஜன்னலைத் திறந்து மலையைப் பார்க்கிறேன். பாண்டியம்மாளிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தச் சந்தேகம். ஆய்வேடு இனி திருந்தாது. கவிதாவிடம் இந்தக் கட்டுரையைத்தான் கொடுக்கப் போகிறேன். ஆய்வேட்டில் நான் எழுதியிருக்க வேண்டிய வரிகள் இவை:

ஆயுத பூஜைக்குப் பின் ஈரத்துணியால் துடைத்ததில் கருவியின் கண்ணாடியில் சந்தனப் படலம் படிந்தது, ஐப்பசியில் காணப்பட்ட மூட்டம் அதுவே, அகரத்து வயல்களில் புகை எதுவும் இல்லை. துடைத்தவரும் கண்டுபிடித்தவரும் ஆய்வக உதவியாளர் பாண்டியம்மாள்.